எண்ணெய் இறங்காத ரம்பம்

அயனம்பாக்கம்,
தாரண வருஷம் ஐப்பசி 24, வியாழக்கிழமை

சௌபாக்கியவதி சாமுண்டீஸ்வரிக்கு உன் நைனா மனதார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறோம், அதற்குப் பெயர் சுகம் என்றால் சுகம்தான். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கரக்பூரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா, குளிர் ஆரம்பித்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள், கேட்கச் சொன்னாள் என்று எழுத வேண்டும், ஏனென்றால் ஒரு வாரமாக அவள் என்னோடு பேசுவதில்லை, காரணம் பின்னால் வருகிறது. ஏரி நிரம்பிக் கலங்கலைத் தொட்டுவிட்டது, நம் கொல்லைப் பக்கம் கணுக்கால் தண்ணீர், நான் நடக்கிற நடையைப் பார்த்து வாத்துகள் என்னைத் தங்கள் ஜாதியில் சேர்த்துக்கொண்டுவிட்டன. தீபாவளிக்கு நீ அனுப்பின புடவையை அம்மா கட்டிக்கொண்டாள், நிறம் எடுப்பாக இருந்தது. மாப்பிள்ளை நாகேந்திரன் போட்ட கடிதங்கள் இரண்டும் ஒரே தபாலில் வந்தன, ஒன்று எனக்கு, ஒன்று அவருடைய அப்பாவுக்கு. இரண்டுக்கும் இந்தக் காகிதத்திலேயே பதில் எழுதுகிறேன்.

முதலில் எனக்கு வந்ததற்கு. ரயில்வேயில் லைன் ஓரத்து மரங்களை எடுக்கச் சங்கிலி ரம்பம் வரப்போகிறது, எந்த தினுசைக் கேட்டு வாங்குவது, எப்படிப் பூட்டுவது, மாமாவுக்கு அதெல்லாம் அத்துப்படியாயிற்றே என்று எழுதியிருந்தார். அத்துப்படிதான். நானும் உன் மாமனாரும் மரம் வெட்டப் போகிற ஆவடி பட்டாளத்து டிப்போவுக்கு மூன்று பெட்டிகள் வந்து இறங்கினபோது, இதில் எது அடிமரத்துக்கு, எது மேலே ஏறி வெட்டுவதற்கு என்று சார்ஜன்ட் துரை என்னைத்தான் கேட்டார், நானும் மாடு பிடிக்கப் போனவன் மாதிரி ஒவ்வொன்றின் பல்லையும் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினேன். ஒன்று நாலடி நீளம், பெட்ரோல் எஞ்சின், இந்தப் பக்கம் ஒருவன் அந்தப் பக்கம் ஒருவன் பிடிக்க வேண்டும், எடை நெல் மூட்டையில் முக்கால். இரண்டாவது அதற்குத் தம்பி, இரண்டடி, அதுவும் பெட்ரோல். மூன்றாவதில் எஞ்சினே கிடையாது, தரையில் தனியாக ஒரு காற்று மிஷின் நிற்கும், ரப்பர் குழாய் வழியாகக் காற்று ஏறிச் சங்கிலியைச் சுற்றும். குழாய் கட்டின ரம்பம் மூக்கணாங்கயிறு போட்ட எருமை மாதிரி இருக்கிறது, நமக்கு வேண்டாம் என்று சொல்லி, மேலே ஏறத் தம்பியை எடுத்துக்கொண்டேன். புளியமரத்தில் முப்பதடி ஏறி, கயிறு போட்டு அதை மேலே இழுத்து, கிளைக்கு வாகாகச் சாய்த்தேன், இரண்டு இருமல் இருமி நின்றுவிட்டது. நிமிர்த்தினால் ஓடும், சாய்த்தால் நிற்கும், எஞ்சின் நேராக இருந்தால்தான் பெட்ரோல் இறங்குமாம். மத்தியானம் வரைக்கும் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தேன், கீழே இருந்து உன் மாமனார், இன்னா சம்மந்தி, மேலயே குடித்தனம் பண்றதா உத்தேசமா, சோறு கட்டி அனுப்பட்டா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

ஆகவே மாப்பிள்ளையிடம் சொல்லு, மரத்தின் குறுக்களவைப் பார்த்துத்தான் சங்கிலி சுற்றி ஓடுகிற அலகின் நீளத்தைக் கேட்க வேண்டும், நீளம் பெருமைக்கு அல்ல. அடிமரத்துக்கு இரண்டாள் ரம்பம். மேலே ஏறுகிறவனுக்குக் காற்றுக்குழாய் ரம்பம், அது கிடைக்காவிட்டால் கைரம்பம், வெட்கப்பட வேண்டாம். ரம்பத்தை இடுப்பில் கட்டாமல் தனிக் கயிற்றில் தொங்கவிட வேண்டும், ஆளைக் கட்டியிருக்கும் கயிறு ரம்பம் ஓடும் பக்கம் வரவே கூடாது. சங்கிலி பூட்டும்போது மேல் பக்கத்துப் பற்கள் அலகின் நுனியைப் பார்த்து இருக்க வேண்டும். விரலால் தூக்கினால் கொஞ்சம் எழும்பித் திரும்பப் படிய வேண்டும், தொங்கினால் குதித்துவிடும், இறுகினால் சூட்டில் அறுந்துவிடும், ஓட்டிச் சூடானதும் நிறுத்தி ஆறவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். அரம் போட்டால் எல்லாப் பல்லுக்கும் ஒரே கணக்கு, நாலு இழுப்பு என்றால் நாலு, இல்லாவிட்டால் ரம்பம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகும். அப்புறம் எண்ணெய். நாலடி ரம்பத்தில் எஞ்சினுக்கு எதிர்ப் பக்கத்துக் கைப்பிடியில் ஒரு டம்ளர் எண்ணெய் பிடிக்கிற பெட்டி இருக்கும், அதன் அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய துளை, அது வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சங்கிலியில் விழ வேண்டும். தினமும் காலையில் அந்தத் துளையில் ஒரு கம்பியை விட்டுப் பார்க்காமல் எஞ்சினைக் கிளப்பக் கூடாது. இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன், பயத்தில் இத்தனை நேரம் மரத்தைச் சுற்றி வந்தேன்.

சாமுண்டி, உன் மாமனார் எண்ணெய் ஊற்ற மறந்து ரம்பத்தை ஓட்டினதால் சங்கிலி குதித்து வலது கையில் மூன்று விரல் போயிற்று என்று போன மாதம் எழுதியிருந்தேன் அல்லவா, அது பொய். அவர் ஊற்றினார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அந்த நாலடி ரம்பத்தைப் பிரித்துக் கழுவித் துடைத்துப் பூட்டினவன் நான். மறுநாள் சந்தனம் குங்குமம் வைத்தவனும் நான். பட்டாளத்து டிப்போவில் நம் கையால் பூஜை என்கிற மிதப்பில், எங்கே திருகு, எங்கே இடுக்கு என்று தேடித் தேடி வைத்தேன், உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்குக்கூட அவ்வளவு தாராளமாக நான் சந்தனம் கொடுத்ததில்லை. அதில் ஒரு அப்பு எண்ணெய்த் துளையில் ஏறிக் காய்ந்து கல்லாகிவிட்டது. விஜயதசமி அன்று பெரிய இலுப்பை மரம், நான் எஞ்சின் பக்கம், அவர் எதிர்ப் பக்கம். பெட்டி நிறைய எண்ணெய் ஊற்றி மூடியைத் திருகினார், கொஞ்ச நேரம் ஓடியதும் அவரே நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். ரொப்பினது ரொப்பினபடியே கீது சம்மந்தி, சங்கிலி காய்ஞ்சிகினு ஓடுது, கழட்டிப் பாத்துடலாம் என்றார். நான், துரை பார்த்துக்கொண்டு நிற்கிறார், சூடேறினால் தானாக இறங்கும், பிடி என்றேன். பிடித்தார். நீலப் புகை வந்தது, சங்கிலி நீண்டு தொங்கிற்று, நான் எஞ்சினை அணைப்பதற்குள் குதித்துவிட்டது. அது குதித்த பக்கம் அவருடைய கை இருந்தது.

ரம்பம் சாய்ந்து விழுந்ததில் மூடி தெறித்து எண்ணெயெல்லாம் சேற்றில் கொட்டிவிட்டது. துரை ஓடி வந்து எப்படி ஆயிற்று என்று கேட்டபோது பெட்டி காலி. நோ ஆயில் சார், தட் மேன் என்று நான் அவரைக் காட்டினேன். எட்டாவது வரை படித்த இங்கிலீஷ் முப்பது வருஷம் துருப்பிடித்துக் கிடந்தது, அன்றைக்கு ஒரு நாள் கேட்டதும் வந்தது. யோசித்துச் சொன்னது என்றுகூடச் சொல்ல முடியாது, ஆனால் சொன்ன பிறகு யோசிக்க எனக்கு ஐந்து வாரம் இருந்தது. துரை அதைத் தாளில் எழுதிக்கொண்டார், கவனக்குறைவு என்று போட்டு உன் மாமனார் பெயரை வேலையிலிருந்து அடித்தார்கள், எனக்கு மேஸ்திரி என்று பித்தளை வில்லை கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் ரம்பத்தைத் துடைக்கும்போது துளையில் ஊக்கை விட்டு நோண்டினேன், மஞ்சளும் சிவப்புமாக உதிர்ந்தது, வாசனைகூடப் போகவில்லை. அதைத் தட்டிவிட்டு வந்துதான் உனக்கு அந்தக் கடிதம் எழுதினேன்.

மாப்பிள்ளை அதை நம்பித் தன் அப்பாவுக்கு எழுதினார். உன் மாமனாருக்குப் படிக்கத் தெரியாது, அந்தத் தெருவுக்கே கடிதம் படிக்கிறவன் நான், கொண்டுபோய் உட்கார்ந்தேன். உன் அம்மா அவருக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கூடவே வந்திருந்தாள். பிரித்து முதல் இரண்டு வரியைக் கண்ணால் ஓட்டினேன். எல்லாரும் சௌக்கியம், உடம்பைப் பார்த்துக்கொள் என்று நானாகச் சொல்லி மடித்தேன். அவர், ரெண்டு பக்கமும் மசியா கீது, நீ ஒரே மூச்சுல முடிச்சிட்டே, பூராப் படி என்றார். படித்தேன். குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாயா, என் ஒர்க் ஷாப்பில் அப்பன் கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது, மாமா மட்டும் கூட இல்லாவிட்டால் உயிரே போயிருக்கும், இனிமேலாவது அவர் சொல்கிறபடி கேட்டு நட. இத்தனையும் என் வாயால், அவர் முகத்துக்கு நேரே. கள் வாசனையே ஆகாத மனுஷன் அவர். கேட்டு முடித்துவிட்டு, அவனச் சொல்லிக் குத்தமில்ல, நீ எழுதினதத்தான அவன் நம்புவான் என்றார். ஒரு கார்டு எடுத்துக்கினு வா, நான் சொல்றத எழுது, ஆமாண்டா, எண்ணெ ஊத்தாதது நான்தான், மாமன் சொன்னது மெய்தான்னு எழுது என்றார். எதற்கு அப்படி என்றேன். நான் வேற மாதிரி சொன்னா எம்புள்ள உம்பொண்ண பாக்கறப்பல்லாம் உன் மூஞ்சிதான் அவனுக்குத் தெரியும், எனக்குப் போனது வெரலு, எழுது என்றார். எழுதினேன் சாமுண்டி. வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் இடது பெருவிரலில் மசி தடவி வைத்தார். போகும்போது தபாலில் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், வெரல் போகவேண்டிய கை எதுன்னு அந்த ரம்பத்துக்குத் தெரியாமப் பூட்ச்சி என்று. அதற்குப் பிறகு சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை டிப்போவுக்குப் போய் நடந்தது நடந்தபடி சொல்லிவிட்டேன். அந்தத் துரை மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் கேட்டுவிட்டு, பழைய காகிதம் மேலே போய்விட்டது, திருத்த முடியாது என்றார், பொய் சொன்னதற்காக என் வில்லையை வாங்கிக்கொண்டு என்னையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். சம்பந்தி பெயர் திரும்ப ஏறவில்லை, என் பெயர் இறங்கிவிட்டது. வழியில் உன் மாமனார் வீட்டில் நுழைந்து சொன்னேன். இப்ப ரெண்டு ஊட்லயும் ஒலை வெக்கிற வேல மிச்சம், நல்லா கீது போ என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன், முதுகிடம் எப்படிக் கேட்பது.

மூன்று நாளாக யோசித்தேன். அவர் உனக்காகத்தான் அந்தக் கார்டை எழுதச் சொன்னார், அதைப் பொய்யாக்கினால் உன் தலையில் என்ன விழுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை வாழ்நாள் முழுக்கத் தன் அப்பனைக் குடிகாரன் என்று நினைத்துக்கொண்டு என்னைப் பெரிய மனுஷன் என்று கும்பிடுவார், அதை நான் வாங்கிக்கொள்ள முடியாது. கார்டு இதற்கு முன்னால் வந்திருக்கும், அதில் ரேகை அவருடையது, எழுத்து என்னுடையது, ஒரு வார்த்தையையும் நம்ப வேண்டாம். இந்தக் காகிதத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடு. என் மேல் வருகிற கோபத்தை உன் மேல் காட்ட வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொள்ள எனக்கு வாயில்லை, ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், அம்மாவும் அதையேதான் சொல்வாள். மறக்காமல் ஒன்று செய்யச் சொல்லு, மாப்பிள்ளை இந்த வாரமே தன் அப்பாவுக்கு ஒரு கடிதம் போட வேண்டும். அதுவும் என் கைக்குத்தான் வரும், வேறு படிக்கிற ஆள் இங்கே இல்லை. என்னைப் பற்றி எழுத நினைப்பதையெல்லாம் மறைக்காமல் எழுதட்டும், அவர் எதிரில் உட்கார்ந்து நானே படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் நைனா
அ. செங்கல்வராயன்