பதினேழாம் எண் வில்லை

ஓசூர்,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்புள்ள அனிதாவுக்கு, மாதேஸ்வரி எழுதுவது.

நீ நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். கைப்பேசியில் என் எண்ணை நீ தடுத்து எட்டு மாதமாகிறது. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை மத்தூருக்குப் போய், உன் அம்மாவிடம் நீ இப்போது இருக்கும் திருப்பூர் முகவரியை வாங்கி வந்தேன். அம்மா சோறு போட்டு, "ஏம்மா இப்பிடி எளச்சிப் போயிட்ட, அங்க ஒழுங்கா சாப்பாடு போடறதில்லியா?" என்று கேட்டார். நீ வீட்டில்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன். என் கோழிக் கிறுக்கலை எப்போதும் கேலி செய்வாய். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

நம் விமானப் பராமரிப்புச் செய்முறைப் பயிற்சி இன்று முடிந்தது. நம் வகுப்பு மணிவேல் கேக் வாங்கி வந்தான். சுவாதியின் அப்பாவும் அம்மாவும் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து, விமானத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தின் ஓரமாக நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

அறையில் உன் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. வேறு பெண்ணைப் போடுகிறேன் என்று வார்டன் சொன்னபோது நான்தான் வேண்டாம் என்றேன். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் இடம் இப்போது சண்டை போடாமலே கிடைக்கிறது. அதில் உட்காரப் பிடிக்கவில்லை, அனிதா. உன்னைப்போல் வம்புக்கு இழுக்க இங்கே யாருமில்லை. சில நாட்களில் காலையிலிருந்து சாயங்காலம்வரை "சரி சார்" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

அந்த நாளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கிறேன், பார்.

கருவியை எடுத்தால் அது இருந்த ஆணியில் எடுத்தவரின் எண் பொறித்த வில்லை தொங்கவேண்டும் என்பது நமக்கு முதல் நாள் பாடம். அன்றைக்கு என் பித்தளை வில்லைகள் எல்லாம் ஸ்பானர்களுக்குப் போய்விட்டன. இடுக்குகளைப் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடி, மடக்கினால் பேனா அளவு இருக்குமே, அது அவசரமாக வேண்டியிருந்தது. உன் பையிலிருந்து உன் பதினேழாம் எண் வில்லை ஒன்றை உருவி மாட்டிவிட்டு எடுத்துக்கொண்டேன். ஐந்து நிமிட வேலைதானே என்று நினைத்தேன். சாயங்காலம் கண்ணாடியைக் காணவில்லை. உள்ளே விழுந்து கிடந்தால் ஆபத்து என்று விமானத்தை நிறுத்தி, தரைப் பலகைகளையெல்லாம் கழற்றி இரண்டு நாள் தேடினார்கள். உன்னைக் கேட்டபோது நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். "வில்லை என்னோடதுதான் சார்" என்பதற்குமேல் நீ ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தாய், இல்லையா? உன்னைப் பயிற்சியிலிருந்து நீக்கினார்கள்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீ பெட்டியோடு பஸ் ஏறிய மறுநாள், துவைக்கப் போட்ட என் சீருடையில், கிழிந்த பையின் உள்துணிக்குள் அந்தக் கண்ணாடி கிடைத்தது. அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அப்பா எங்கள் ஊர் கெலவரப்பள்ளி முழுக்க, மகள் ஏரோப்ளேன் ரிப்பேர் பார்க்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பயம். கைக்குட்டையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, எடுத்த கருவிகள் எல்லாம் திரும்ப வைக்கப்பட்டன என்று எட்டு மாதம் தினமும் கையெழுத்துப் போட்டேன்.

இன்று நம் பயிற்சியாளர் குருமூர்த்தி சார் கடைசிக் கையெழுத்துக்காக என் பதிவேட்டைத் திறந்தார். எப்போதும்போல, "எல்லாம் எண்ணியாச்சாம்மா?" என்று கேட்டார். ஒன்று குறைகிறது சார் என்று சொல்லிக் கண்ணாடியை மேசையில் வைத்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். கையெழுத்துப் போடாமல் பதிவேட்டை மூடினார். பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. உனக்கும் கடிதம் வரும். விட்டுப்போன எட்டு மாதப் பயிற்சியை உனக்குத் தரச் சொல்லிக் கேட்கப்போவதாகச் சொன்னார். என்னை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை.

கண்ணாடியை அதன் ஆணியில் மாட்டப் போனேன். உன் வில்லை எட்டு மாதமாக அங்கேயேதான் தொங்குகிறது, கருத்துப்போய். கழற்றக் கையை நீட்டினேன். "நீ தொடாத. அந்தப் புள்ள வந்து அதுவே கழட்டட்டும்" என்றார் சார்.

வா, அனிதா. என்னிடம் பேசவேண்டாம், எனக்காக ஒரு வார்த்தையும் சொல்லவேண்டாம். அன்றைக்கு நடந்ததை நடந்தபடி சொல். பதினெட்டாம் தேதி காலை ஓசூர் பஸ் நிலையத்தில் நிற்பேன். நீ பார்க்காததுபோல் கடந்து போனாலும் பரவாயில்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் இடம் உனக்கு. நான் பின்னால் நின்றுகொண்டு வருகிறேன்.

உன் வில்லையைக் கேட்காமல் எடுத்த
மாதேஸ்வரி