வெளியாளுக்குக் கிடையாது

கத்திவாக்கத்தில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், செருப்பின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டி முகர்ந்து பார்த்தேன். ஊறவைத்து அரைத்த பச்சரிசி. டீசல் புகையையும் பக்கத்துச் சீட்டு மீன் கூடையையும் தாண்டி அந்த வாசனை என்னை உன் வாசலுக்கே கொண்டுபோய்விட்டது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. என் எழுத்து உனக்குப் படிக்கத் தெரியாது, உன் எழுத்து எனக்குத் தெரியாது. இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷினை மூடிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

திருவொற்றியூரில் எட்டு வீட்டு லைனில் நான் நாலாவது வீடு, நீ ஐந்தாவது. உன் வீட்டுக்காரருக்கு கன்டெய்னர் யார்டில் லோடு வேலை. இடுப்பில் குழந்தையோடு ஒரிசாவிலிருந்து வந்து இறங்கினாய். வடக்கே இருந்து யார் வந்தாலும் எங்கள் தெருவுக்கு 'இந்திக்காரங்க'தான். உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நா இந்தி இல்ல, ஒடியா" என்பதுதான் நீ முதலில் கற்ற தமிழ் வாக்கியம். மிச்சத்தைத் தண்ணீர்ச் சண்டையில் நாங்கள் கற்றுக்கொடுத்தோம். ஒருமுறை பேங்க்கில் "இன்னா சார், எம்மா நேரம் நிக்க வெச்சிகினு கீற?" என்று கேட்டுவிட்டு வந்து, "அந்தாளு சிரிக்கிறான்க்கா, நா தப்பா பேசிட்டனா?" என்றாய். தப்பில்லையடி, அச்சு அசலாகப் பேசியதுதான் வினை.

வந்த வருடமே மார்கழி பிறக்கும் சமயம், ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் உன் வாசலில் அரிசி மாவைக் கரைத்துச் சின்னச் சின்னக் கால்கள் வரைந்தாய். "கிருஷ்ணர் பொறந்து எவ்ளோ மாசம் ஆச்சு, உங்கூருக்கு இப்பதான் வர்றாரா?" என்று முதல் வீட்டுக்காரி கேலி செய்தாள். அது லட்சுமியின் கால் என்று யாருக்குத் தெரியும்? உள்ளே பாயசம் கொதிக்கும் வாசனை வந்தது. நீ கதவைச் சாத்திக்கொண்டாய்.

எனக்கு வந்ததே கோபம். பழைய சோறும் வறுத்த வடகமும் நீ தருவாய், நெத்திலிக் குழம்பு நான் தருவேன். நமக்குள் போகாத கிண்ணம் இல்லை. அன்றைக்கு மட்டும் ஒரு கரண்டி பாயசம் வரவில்லை. நான் வளர்ந்த தெருவில் மூடிய கதவுக்கு ஒரே அர்த்தம்தான். என்ன சாதி என்று விசாரித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, எட்டு நாள் உன் முகத்தில் விழிக்கவில்லை. மறு வியாழனும் கதவைச் சாத்தினாய். அன்று சாயங்காலம் குழாயடியில் என் குடத்தைப் பிடித்துக்கொண்டாய்.

"அந்தப் பாயசம் வெளியாளுக்குக் கெடையாதுக்கா. குடுத்தா லச்சுமி கூடவே போய்டுவா. கட்டிக்குடுத்த பொண்ணுக்கே கெடையாது. எங்கம்மா இப்ப எனக்கே தரமாட்டாங்கோ."

"ரொம்பத்தான் கிராக்கி உங்க லச்சுமிக்கு" என்றேன். நீ சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பதினெட்டு வருடம் நீ அந்த மாதத்து நாலு வியாழனை விட்டதில்லை. பிரம்பால் பின்னிய ஒரு படியில் புது நெல்லை நிரப்பி, அதைத்தான் லட்சுமியாக வைத்துக் கும்பிடுவாய். அதற்கு ஊரிலிருந்து யாராவது ரயிலில் ஒரு துணி முடிச்சு நெல் கொண்டுவர வேண்டும். நான் கிண்டல் செய்தால், "உங்கூட்ல தெலுங்கு இருந்துச்சே, எங்கக்கா போச்சு?" என்று திருப்பிக் கேட்பாய். கேள்வி சுருக்கென்று தைக்கும். என் தாத்தா துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர், வீட்டில் தெலுங்குதான் பேசுவார். அப்பாவோடு அது முடிந்தது. எனக்கு மிச்சம் திட்டுவதற்கு நாலு வார்த்தை. "எம் பொண்ணும் இப்டித்தான் ஆவாளா?" என்று நீ கேட்டபோது நான் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அப்படித்தான் ஆனாள். நீ ஒடியாவில் கூப்பிடுவாய், அவள் "இன்னாம்மா" என்பாள். பள்ளிக்கூடத் தோழிகள் வந்தால் வாசலில் வரைந்த காலைக் காலாலேயே அழிப்பாள். கத்திவாக்கத்து மீன்காரர் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள். நீ தடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் மார்கழியில், போன வருடம், சரியாக வியாழக்கிழமை பார்த்து வந்து நின்றாள். "அம்மா, பாயசம்" என்றாள். நீ பாத்திரத்தை மூடினாய்.

"நா உனக்கு வெளியாளா?" என்று லைன் வீடே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு, அழுதுகொண்டே போனாள். நான் உன்னைப் பிடித்துத் திட்டினேன். "பெத்த பொண்ணுக்குத் தராத சாமி இன்னாடி சாமி?" என்றேன். "அவ வூட்ல அவ செய்யட்டும்க்கா" என்றாய், அவ்வளவுதான். அன்றைக்கு நீயும் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு அவள் வந்தது நீ படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குத்தான். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒடியாவில் ஏதோ சொன்னாய், அவள் தலையாட்டினாள். அவள் மருந்து வாங்கப் போன நேரத்தில் என்னிடம் மெதுவாகக் கேட்டாய், "எங்கூட்டு லச்சுமி இனிமே எங்கக்கா போவா?" "மொதல்ல எழுந்து வூட்டுக்கு வா" என்று அதட்டினேன். நீ வரவில்லை. காரியம் முடிந்து உன் வீட்டுக்காரர் ஊரோடு போனார். உன் மகள் அந்தப் பிரம்புப் படியை மட்டும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனாள். வெங்காயம் போட்டு வைப்பாள் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இப்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

இன்று அவள் மாமியாருக்குத் தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். வாசலில் அலசிக் கவிழ்த்த மீன் கூடைகள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மாமியார் தரையில் உட்கார்ந்து கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"வா டெய்லரம்மா, இந்தக் கூத்த வந்து பாரு. வியாயக்கெயமன்னா மீனு கெடையாதாம். நாலு வாரமா இதே ரோதனை!" என்றார், வாய் நிறையப் பாயசத்தோடு.

மூலையில் உன் படி. ஒரிசா நெல் இல்லை, புருஷனைப் பொன்னேரியிலிருந்து வாங்கிவரச் சொன்ன நெல். உன் மகள் கையில் மாவு காய்ந்திருந்தது. "அம்மா மாரி ருசி வர்லன்னு மூணு வாரம் அயுதேன் பெரிம்மா. இன்னிக்குதான் வந்துச்சு" என்றாள்.

"எனக்கும் ஒரு கரண்டி குடு, பாப்போம்" என்று கையை நீட்டினேன்.

அவள் முகம் மாறியது. பாத்திரத்தை மெல்லப் பின்னால் நகர்த்தினாள். "கோச்சிக்காத பெரிம்மா. இது வெளியாளுக்குக் கெடையாது. டீ போட்டுத் தரேன்."

"வூடு தேடி வந்தவங்களாண்ட இன்னாடி பேச்சு இது?" என்று மாமியார் சீறினார். "வுடும்மா, அவ சொல்றதுதான் சரி" என்றேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கண்ணீர் மறைத்ததில் வாசலில் அவள் வரைந்திருந்த ஒரு காலை மிதித்திருக்கிறேன். உன் சாமி என்னை மன்னிக்கட்டும்.

அந்தப் பாயசத்தின் ருசி எனக்கு இன்றுவரை தெரியாது. வாசனை மட்டும்தான் தெரியும், எனக்கு அது போதும். உங்கள் வீட்டு லட்சுமி எங்கே போவாள் என்று கேட்டாயே? கத்திவாக்கத்தில் இருக்கிறாளடி. என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே இருக்கிறாள்.