இடப்பக்கம் திரும்பிய மயில்

ஜூன் 11, புதன்
காலையிலேயே புழுக்கம். உறுதியான தகவல்: திங்களும் செவ்வாயும் மு. லாரிப் பட்டறைக்குப் படம் வரையப் போகவில்லை. சொன்னவர் கலைச்செல்வி, போனில், 8.20. மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு வேலை தேடித் தந்து, அது நிலைக்கும்வரை கூடவே நிற்பவர். ஞாயிறு வந்த என் கட்டுரையே அவருடைய அந்த வேலையையும் மு.வையும் பற்றித்தான்.

“பேர மாத்துனீங்க சார். மயிலு?”

முதலில் புரியவில்லை. கட்டுரையை எடுத்துப் படித்தேன். மூன்றாவது பத்தி: ‘லாரிப் பின்கதவில் இவர் வரையும் மயில் மட்டும் கழுத்தை இடப்பக்கம் திருப்பியிருக்கும்.’ நாமக்கல் பட்டறைத் தெருவில் அப்படி வரைபவர் ஒரே ஆள். நுணுக்கமான கவனிப்பு என்று ஆசிரியர் பாராட்டிய வரி.

பி.பி. மாத்திரை தீர்ந்தது. வாங்கவில்லை.

ஜூன் 12, வியாழன்
சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து நாமக்கல்லுக்கு இரண்டு பஸ். பட்டறையில் 10.40. பாடி கட்டி முடித்த லாரி ஒன்று, பின்கதவு மட்டும் வெறுமை.

நடந்தது இது. ஞாயிறு அரை நாள் வேலை. அந்த லாரியின் சொந்தக்காரர், ராசிபுரத்து வண்டிக்காரர், பேப்பரோடு வந்து, மு. காதுபடவே: “பைத்தியம் தொட்ட வண்டியில எந்த டிரைவர் ஏறுவான்?” மு. பிரஷ்ஷைக் கழுவி, டின்னில் நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பட்டறை முதலாளி நாற்காலி போட்டார். டீயும் வந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“மூணு வருசமுங்க. மாத்திரையில காலையில கை நடுங்கும்னு கலைச்செல்விப் பொண்ணு சொல்லுச்சு. பதினொன்னு வரைக்கும் பிரைமர் அடிப்பூச்சு, அப்புறந்தான் படம். காதுல சத்தம் கேட்டா டீக்கடைக்குப் போயிட்டு வருவான், ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டோம். வெளிய யாருக்குந் தெரியாதுங்க. இப்பத் தெரியும்.”

வெல்டர் உள்ளேயிருந்து: “ஏனுங்க, எங்க நோவையும் எழுதிப் போடறதுதானுங்களே? பக்கம் பத்தாதுங்களா?” யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி
லேசான தூறல். செருப்பு அறுந்தது. மு. வீட்டுக்குக் கலைச்செல்வியோடு. அவர் கேட்டு, மு. சரி என்ற பிறகே. எழுதும்போது இந்த வரிசை எனக்குத் தோன்றவில்லை.

மு.வின் அக்கா வாசலிலேயே நின்றார். “மாத்திரை போடறானுங்க. சோறுதான் இறங்கல.”

மு. ஷேவ் செய்யவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்டேன். தயார் செய்துகொண்டு போன நாலு வாக்கியத்தில் ஒன்றுதான் வந்தது.

“எழுதறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டச் சொன்னனுங்களே.”

சொன்னார். அன்று ‘பத்திரிகையில் அந்த வழக்கம் இல்லை’ என்றேன். முப்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்வது. சொல்ல வசதியான வழக்கம்.

பிறகு மு.வே கேட்டார்: “இனிமே வலப்பக்கம் திருப்பி வரையட்டுங்களா? அப்படீன்னா நானில்லைன்னு நெனைப்பாங்கல்லீங்க?”

கலைச்செல்வி என்னைப் பார்க்கவில்லை. மு.விடம் சொன்னார்: “மயில ஒண்ணும் மாத்த வேண்டாண்ணா.”

ஜூன் 14, சனி
மாத்திரை வாங்கியாயிற்று. செருப்பு தைக்க வேண்டும்.

இணையப் பதிப்பில் அந்த வரி எடுக்கப்பட்டது, 9.15, ஆசிரியர் உறுதி செய்தார். அச்சில் போனது போனதுதான். டீக்கடையில் ஒட்டியிருந்த கட்டுரைத் தாளை வெல்டர் கிழித்துவிட்டாராம்.

முதலாளி போனில்: “வண்டிக்காரர்கிட்டப் பேசிட்டேனுங்க. அவன் வரையலீன்னா பின்கதவு மொட்டையாத்தான் வருமுன்னு சொல்லிப்போட்டேன். திங்கக்கெழம வந்து சொல்றேங்கறாரு.” மு.வும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வருவார் என்று சொல்ல முடியாது.

திங்களன்று நானும் பட்டறைக்கு வரட்டுமா என்று கலைச்செல்வியிடம் கேட்டேன்.

“வேண்டாம் சார்.”

நிலுவை: வண்டிக்காரரின் பதில், மு.வின் வருகை. இரண்டும் திங்கள், பதினோரு மணிக்கு மேல், கை நடுக்கம் நின்ற பிறகு. கலைச்செல்வியாகச் சொன்னால் தெரியும். நான் போன் செய்யக் கூடாது.