ஒதுக்கி வைத்த மேசை

பிப்ரவரி 6
நேற்று வாசலில் துடைப்பம் கட்டினேன். எங்கள் நெக்கர் ஆற்றங்கரையில் சொந்தத் தோட்டத்து ஒயினை வீட்டிலேயே ஊற்றுகிறவன் துடைப்பம் கட்ட வேண்டும். அதை அவிழ்க்கும்வரை வருகிற எல்லோருக்கும் இடம் கொடுக்க வேண்டும். மாட்டுத் தொழுவமாக இருந்த அறை, நேற்று மறுபடியும் தொழுவம் போலத்தான் இருந்தது. அவ்வளவு கூட்டம். என் சிநேகிதன் கோட்லோப், பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரின் வெங்காய அப்பத்தைப் பாதி தின்றுவிட்டு, உப்பு கம்மி என்று என்னிடம் புகார் சொன்னான்.

பிப்ரவரி 9
என் மகள் ஹெலேனெக்கு வடக்கே கடலோர ஹோட்டலில் வேலை காத்திருக்கிறது. வெளியூர் ஆட்கள் இங்கே வரத் தொடங்கினால் தோட்டத்தை எடுத்துக்கொள்வாளாம். இல்லையென்றால் கிளம்பிவிடுவாளாம். இப்போது வருவதெல்லாம் உள்ளூர்க் கிழங்கள் என்கிறாள். உண்மைதான். ஊற்றிக் கொடுப்பதும் ஒரு கிழம்தானே.

சின்ன ஒயின் வட்டாரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதும் ஒரு அம்மாள் வெள்ளிக்கிழமை வருகிறாராம்.
"அவங்க எழுதினா ஜனம் வரும்பா. ஜன்னலோர மேசையை அவங்களுக்குன்னு வெச்சிடுவோம்."

துடைப்பம் கட்டிய வீட்டில் மேசை பிடித்து வைப்பதா? எங்கள் அப்பா காலத்தில்கூட... சரி, போகட்டும். அவள் முகத்தைப் பார்த்தேன். 'ஒதுக்கப்பட்டது' என்று அட்டையில் நானே எழுதி வைத்தேன்.

பிப்ரவரி 13
அறை நிரம்பிய பிறகு கோட்லோப் தன் பாட்டுக் குழுவோடு வந்தான். நெருங்கி உட்காருங்கள் என்றேன். அட்டையைப் பார்த்தான்.
"அங்க மேசை சும்மா கெடக்கு. நாங்க ஒருத்தன் மடியில ஒருத்தன் உக்காரணுமாடா?"
ஒரு முக்கியமான ஆள் வருகிறார் என்றேன்.
"அப்ப நாங்க முக்கியமில்லாத ஆளுங்க. நல்லா இருடா, ஓய்கன்."

போய்விட்டான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குவளையைக் காலி செய்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. மரியாதையாகத்தான் போனார்கள். அந்த அம்மாள் வந்தபோது அறையில் நானும் ஹெலேனெயும் மட்டும். எனக்குத் தெரிந்த சிரிப்புக் கதையெல்லாம் சொன்னேன். அவரும் பாவம், சிரித்தார்.

பிப்ரவரி 14
யாரும் வரவில்லை.

பிப்ரவரி 20
கோட்லோப் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான்.
"பொண்ணு போயிடுவான்னு முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? அந்த அம்மாவை நடுவுல உக்கார வெச்சு விடிய விடியப் பாடியிருப்போமேடா."
எனக்கு ஏன் தோன்றவில்லை? மகள் போய்விடுவாள் என்று ஊரில் சொல்ல வெட்கம். பெரிய கௌரவம் எனக்கு!

ஜூன் 2
புத்தகம் வந்துவிட்டது. எங்களுக்கு நாலு வரி. ஒயின் அருமையாம், அமைதியான வீடாம், இதற்கென்று தனியாக வர வேண்டியதில்லையாம். அடுத்த ஊருக்கு இரண்டு பக்கம். அங்கே ஒரு கசாப்புக்காரருக்கும் பள்ளி ஆசிரியைக்கும் நடுவே இடிபட்டு உட்கார்ந்தாராம். பாவாடையில் ஒயின் கொட்டியதாம். அதற்காகவே அந்த ஊருக்குப் போகலாமாம்.

கொட்ட எங்களிடமும் ஒயின் இருந்தது. கொட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஹெலேனெ இரண்டு தடவை படித்தாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. தன்னையும் சொல்லிக்கொள்ளவில்லை. திட்டித் தொலைச்சிருக்கலாம்ல? எனக்கும் ஆறியிருக்கும்.

ஜூலை 1
ஹெலேனெயை ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். புதுசா வெச்ச கொடிக்கு மருந்து அடிக்க மறக்காதீங்கப்பா என்றாள்.

நவம்பர் 21
போன வாரம் ஹெலேனெ போனில் கூப்பிட்டாள். அவள் ஹோட்டலுக்கு நம் ஒயின் வேண்டுமாம், நிறைய. அவள் கையோடு கொண்டுபோன புட்டிகளை விருந்தாளிகள் விரும்பிக் குடித்தார்களாம்.
"நம்ம ஊருக்குப் போய்ப் பாக்கலாமான்னுகூடக் கேக்கறாங்கப்பா."
"நீ என்ன சொல்றே?"
"ஒயின்தான் இங்கேயே கிடைக்குதே, அவ்வளவு தூரம் எதுக்குன்னு சொல்லிடுவேன்."

நன்றாக வியாபாரம் செய்கிறாள். உடையாமல் போய்ச் சேர வேண்டுமே என்று ஒவ்வொரு புட்டிக்கும் இரண்டு சுற்றுக் காகிதம் சுற்றினேன். இன்று மத்தியானம் லாரி வந்து எடுத்துப்போனது.