அட்டை வந்துவிட்டது, அக்கா

அட்டையில் இன்னும் வெங்காய வாடை அடிக்கிறது. உறை வந்த அன்று கை கழுவாமலேயே பிரித்துவிட்டேன். நாள் முழுக்க உணவகத்துச் சமையலறையில் வெங்காயம் உரித்த கை. போர்ச்சுகலில் நான் இனி சட்டப்படி குடியிருக்கலாம் என்கிறது அட்டை. நாலு வருஷம் காத்திருந்தது இதற்குத்தான், அக்கா. குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். ரசத்தைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

செட்டிகுளம் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தது நீதான். அம்மாவுக்கு அன்றைக்கு வெங்காய நடவு. நீ அஞ்சாம் வகுப்பு. தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். விரல் பட்டது. வருஷத்தைக் குத்துமதிப்பாக அவரே போட்டுக்கொண்டு, "தேதி என்னம்மா?" என்றார். உனக்குத் தெரிந்தது ஒரே தேதி, நீ பிறந்த தேதி. அதையே சொல்லிவிட்டாய். வெளியே வந்து, "எவனாச்சும் கேட்டா ரெண்டு பேருக்கும் ஒரே நாள்னு சொல்லிடுடா" என்றாய். பாஸ்போர்ட் வரைக்கும் அந்தத் தேதிதான் போனது.

இங்கே விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். நான் பிறந்தது உடையார்பாளையம் பக்கம், அம்மாவின் ஊரில். அந்தப் பதிவேட்டில் என் நிஜத் தேதி. இரண்டு தேதிக்காரனும் ஒரே ஆள்தான் என்று தாசில்தாரிடம் சான்று வாங்க வேண்டியதாயிற்று. நீ பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் என்று பஸ் மாறி மாறி ஐந்து தடவை போனாய்.

"நான் பண்ணிவச்ச கூத்து, நானே சரி பண்றேன். நீ வேலையப் பாரு" என்றாய் போனில். "கிளார்க்கு கேக்குறாரு, 'தம்பிக்குப் பொறந்த நாளையே குடுத்துட்டியே, சொத்தையும் எழுதிக் குடுத்துடுவியாம்மா'ன்னு." சிரிக்கும்போதே உனக்கு மூச்சு வாங்கியது. பஸ் ஸ்டாண்டில் வேகமாக நடந்தேன் என்றாய். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

சான்று வந்து சேர்ந்த அடுத்த மாதம் உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டாப்பா." என் பழைய அனுமதி முடிந்திருந்தது. புதியது வருமுன் நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அதுவும் மாமாவுக்குத் தெரியும். "வந்துடாத. அவ அலைஞ்சதெல்லாம் வீணாப் போயிடும்" என்றார்.

வரவில்லை. அன்றைக்கும் வேலைக்குப் போனேன். இரண்டு மூட்டை உரித்தேன். அழுகை வரவில்லை, வெங்காயத்துக்குக்கூட வரவில்லை. மாமா அனுப்பிய வீடியோவை இன்றுவரை திறக்கவில்லை. உன்மேல்தான் கோபம். மூச்சு முட்டுதுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் வந்திருப்பேனா, தெரியவில்லை.

இப்போது எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம். ஊருக்கு டிக்கெட் பார்க்கிறேன், மூடிவிடுகிறேன்.

இன்றைக்கு வங்கியில் அட்டையை நீட்டினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பிறந்த தேதியைக் கேட்டாள். உன் தேதியைச் சொன்னேன். அட்டையைப் பார்த்தாள், சுவர் நாட்காட்டியைப் பார்த்தாள், எழுந்து கை கொடுத்து வாழ்த்துச் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் கை தட்டினார்கள்.

நன்றி என்று சொல்லி வாங்கிக்கொண்டேன், அக்கா. இனி வருஷா வருஷம் நான்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.