அண்ணனின் மூன்றாம் அத்தியாயம்

ஆகஸ்ட் 9, 1994

இந்த வாரமும் ரியாக்‌ஷன் பேப்பர், ஒன்றைப் படித்து எதிர்வினை எழுத வேண்டும். சமூகவியல் எம்.ஏ. என்றால் ஊரைப் படிப்பது என்று நினைத்துச் சேர்ந்தேன். ஊரைப் பற்றி எழுதியவர்களைக் குறை சொல்வதுதான் பாடம் போலிருக்கிறது. குறை சொல்ல எனக்கா தெரியாது?

இம்முறை சுந்தர்ராமன் சார் துறையின் பழைய எம்.ஃபில். ஆய்வேடுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். யார் எழுதியது என்று தெரிந்தால் எங்களுக்குக் கை நடுங்குமாம். பெயரின் மேல் தாள் ஒட்டியிருந்தார். எனக்கு வந்தது முக்கூடலில் பீடி சுற்றும் பெண்களைப் பற்றியது. பெயரைப் பார்க்கவே வேண்டாம். எங்கள் ஜெய்சன் அண்ணன் எழுதியது.

மாற்றித் தரச் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13

அண்ணன் அடுத்த மாத நேர்முகத் தேர்வுக்குப் படிக்கிறான். சுந்தர்ராமன் சாரிடம் பிஎச்.டி.க்கு ஒரே ஒரு இடம். டியூஷன் எடுத்தே இரண்டு வருடம் போய்விட்டது, அம்மா குடும்ப ஜெபத்தில் இதைத்தான் கேட்கிறாள். ஆய்வேடு என்னிடம் இருப்பதை அவனிடம் சொல்லவில்லை. ஏன்? தெரியவில்லை.

ஆகஸ்ட் 14

எழுதி முடித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில், கூலி பற்றிப் பெண்களுக்குப் பெரிய குறையில்லை என்கிறான். எப்படி இருக்கும்? ப்ளஸ் டூ விடுமுறையில் பதில்களை எழுதிக்கொள்ள நானும் கூடப் போயிருந்தேன். வெயிலில் வீடு வீடாக அலைய அலுத்துப்போய், பீடியை ஒப்படைக்க வந்தவர்களைக் கடையில் வைத்தே கேட்டான். கூலி கொடுக்கும் கடைக்காரர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒருத்தி வாயைத் திறப்பாளா?

அதையெல்லாம் எழுதிவிட்டேன். எழுதும்போது சுகமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 22

வகுப்பில் வாசித்தேன். பிறகு சார் கேட்டார், கடைக்காரர் உடனிருந்ததாக ஆய்வேட்டில் ஒரு வரிகூட இல்லையே, உனக்கு எப்படித் தெரியும் என்று.

யூகம் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் என்னையே பார்த்தார்கள், தலைக்கனம் ஏறிவிட்டது. "நானும் கூட இருந்தேன் சார். எங்க அண்ணன் எழுதினது."

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 23

பத்துக்கு ஒன்பது. வீட்டில் யாரிடம் காட்ட?

செப்டம்பர் 5

அண்ணன் நேர்முகத் தேர்விலிருந்து மத்தியானமே வந்துவிட்டான். சாப்பிடவில்லை. சாயங்காலம் நான் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. முக்கூடல்ல நீ விசாரிக்கும்போது பக்கத்துல யாரு இருந்தான்னு."

குடம் நிரம்பி வழிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன்.

"அது நம்ம ரெண்டு பேருக்குத்தான்ட்டி தெரியும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதியது சரிதானே என்றேன். பாவி. முதலில் வாயில் வந்தது அதுதான்.

"சரிதான். நான் இல்லன்னா சொல்லுதேன்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. நானே அங்கன போய் ஒத்துக்கிட்டிருப்பேன்."

குடத்தை அவனே தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

செப்டம்பர் 6

சாரைப் பார்த்தேன். இடம் களக்காட்டுப் பையன் ஒருவனுக்குப் போய்விட்டது. ஆய்வேட்டில் இருப்பதற்குத்தான் எதிர்வினை எழுதச் சொன்னேன் என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது அண்ணன்.

பொய் எழுதியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஒன்றுகூடப் பொய்யில்லையே — என்ன சொல்லிக் கேட்பது?

அக்டோபர் 3

அண்ணன் தூத்துக்குடிக்குப் போய்விட்டான். கப்பல் கம்பெனி ஒன்றில் கிளார்க் வேலை. பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றான்.

டிசம்பர் 26

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வந்திருக்கிறான். கொஞ்சம் மெலிந்திருக்கிறான். எனக்கு ஒரு சுடிதார் துணி, நல்ல நிறம்.

காலையில் அடுப்படியில் அம்மாவிடம் ஆபீஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தான். மேனேஜரைப் போலவே பேசிக் காட்டினான் போலிருக்கிறது, அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! நானும் கேட்கலாமென்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அண்ணன் நிறுத்திவிட்டான்.

"ஆத்துல தண்ணி நெறைய போகுதோ?" என்று என்னைக் கேட்டான்.

போகிறது என்றேன்.