மூன்றாம் தொட்டிக்கு வாசம் இல்லை

பர்கண்டி, பிரான்ஸ்,
அக்டோபர் தொடக்கம்

அன்பு மகள் சொலேனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாம் சௌக்கியம், உன் அண்ணன் கிளமான் மேல் நான் பட்ட சந்தேகம் ஒன்றைத் தவிர. சிலியில் உனக்கும் குழந்தைக்கும் உடம்பு எப்படி என்று எழுது. போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

மழைக்கு முன்பே திராட்சையெல்லாம் உள்ளே வந்துவிட்டது, அதில் குறையில்லை. பிறகுதான் வினை. இந்த வருஷம் பாதிக் குலையைக் காம்போடு வைன் தொட்டியில் போடுவேன் என்றான் கிளமான், சரி, ஆசைப்படுகிறான் என்று விட்டேன். மூன்றாம் தொட்டி புளித்துப் பொங்கத் தொடங்கியதும் வழக்கம்போல இறங்கி, மேலே மிதக்கும் தோலைக் காலால் மிதித்து அமுக்கிவிட்டு முகர்ந்தேன். மூக்கில் காற்று சுருக்கென்று குத்தியது, அவ்வளவுதான், வாசமே இல்லை. பாக்கெட் ஈஸ்ட் போட்டாயாடா என்று கேட்டேன். பழத்தோலில் தானாக வரும் ஈஸ்டை வைத்தே பொங்கவைக்கிற வீடு இது, உனக்குத் தெரியும். "சத்தியமா இல்லப்பா, வாசம் தெருவரைக்கும் வருது, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றான். திருடனும்தான் சத்தியம் செய்வான். குப்பையைக் கிளறிப் பார்த்தேன், பாக்கெட் இல்லை, கெட்டிக்காரன், மறைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். உன் அம்மா எப்போதும் மகன் கட்சி, அவள் மேலும் சந்தேகம். மாட்டுக்கறிக் குழம்பில் வைன் ஊற்றாமல் மிச்சம் பிடிக்கிறாயா என்று கேட்டுவிட்டேன், அவள் இன்னும் சரியாகப் பேசவில்லை. தூளில் மணமில்லை என்று காப்பித்தூள் கடைக்காரனோடும் சண்டை. ஊரே சேர்ந்து என்னை ஏமாற்றுகிறது என்று இருந்தேன்.

அறுவடை விருந்தைத் தள்ளிப்போட்டு, போன ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். அம்மா நன்றாகப் பழுத்த எப்வாஸ் சீஸைக் கொண்டுவந்தாள். அதைத் திறந்தால் நம் நாய்கூட வெளியே போய்விடும், மறந்திருக்க மாட்டாய். "ஐயோ, யாருப்பா அது சாக்ஸைக் கழட்டினது?" என்று கூடை சுமக்கிற மார்சியால் மூக்கைப் பிடித்தான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தட்டு என்னிடம் வந்தது. குனிந்தேன். ஒன்றுமே இல்லை, சொலேன், கழுவிவைத்த தட்டு மாதிரி. கோடையில் வந்த காய்ச்சலோடு என் மூக்கும் போயிருக்கிறது, நான் ஊரைக் குற்றம் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு அருமை என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

தொட்டியிலிருந்து வைனை இறக்கித் தோலைப் பிழியும் நாளை இந்த வீட்டில் என் மூக்குதான் சொல்லும். அவசரப்பட்டால் வைன் சப்பென்றிருக்கும், அதிக நாள் விட்டால் காம்பின் கசப்பு ஏறும், வருஷ உழைப்பே போய்விடும். அதனால் இன்று காலை கிளமானைக் கூப்பிட்டு, இந்த முறை நீயே நாளைச் சொல் என்றேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் என்னையே முறைத்துப் பார்த்தான். "என்னப்பா திட்டம்? நான் எங்க சறுக்குவேன்னு பாக்குறீங்களா?" என்றான். என் பிள்ளைதானே, வேறெப்படி இருப்பான்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நீடூழி வாழ வேண்டும். அங்கே வசந்தம்தான் என்றாலும் குழந்தையைக் காலைக் குளிரில் வெளியே கொண்டுபோகாதே. மூக்கு விஷயம் உன்னோடு இருக்கட்டும், சமயம் பார்த்து நானே சொல்கிறேன். ஒன்று மட்டும் செய். அண்ணனுக்குப் போன் போட்டு, மூன்றாம் தொட்டி எப்படி மணக்கிறது என்று கேள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். கழிக்காமல் அப்படியே எனக்கு எழுது.

உன் அப்பா,
ஃபிர்மின்